துலும்: கடலுக்கு முன் கிணறு

கேள்வி இது: "மார்ச் விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்து மெக்சிக்கோவின் துலுமுக்கு ஐந்து நாள் போக நினைக்கிறோம். நானும் கணவரும், பத்தும் பதின்மூன்றும் வயதான இரண்டு பிள்ளைகள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் என் அம்மா. அம்மா சுத்த சைவம், நீந்தத் தெரியாது. கடற்கரை முழுக்கப் பாசி, விலையெல்லாம் கொள்ளை என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அந்த மாயா இடிபாடுகள் உண்மையில் பார்க்கத் தகுந்தவையா? போகலாமா?"

போங்கள். ஆனால் துலுமை ஒரு கடற்கரை ஊர், பக்கத்தில் இடிபாடு என்று மட்டும் நினைத்துத் திட்டம் போட்டால் காசு கரையும், மனம் நிறையாது. என்னைக் கேட்டால் அது தண்ணீரின் ஊர். கோட்டையும் கடலும் கிணறுகளும் காடும் ஒரே சுண்ணாம்புப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று விளங்கினால்தான் மற்றது விளங்கும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த உங்கள் அம்மாவுக்கு அது உங்கள் எல்லோரையும்விடச் சீக்கிரம் பிடிபடும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் எங்கே தங்குவது என்பதைப் பார்ப்போம். துலும் என்ற பெயரில் மூன்று இடங்கள் இருக்கின்றன. 307ஆம் இலக்க நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் பரந்து கிடப்பது ஊர். அதிலிருந்து சில கிலோமீற்றர் கிழக்கே, கடலோரமாக ஒற்றைத் தெருவில் நீளுவது ஹோட்டல் வரிசை. அந்த வரிசைக்கு வடக்கே பாறை மேட்டில் நிற்பது, இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மாயாக்களின் பழைய நகரம். படங்களில் நாம் பார்க்கும் ஊஞ்சல், ஓலைக் குடில், மெழுகுவர்த்தி எல்லாம் ஹோட்டல் வரிசையில் எடுத்தவை. விலையைச் சொல்லிப் புலம்புகிறவர்களும் பெரும்பாலும் அங்கே தங்கியவர்கள்தான். நானும் முதல் தடவை அங்கேதான் தங்கினேன். மின்கம்பி ஒழுங்காகப் போகாமல் நீண்ட காலம் டீசல் ஜெனரேட்டர்களில் ஓடிய தெரு அது. நான் இருந்த இடத்தில் இரவு முழுக்க அந்த இரைச்சல். சாப்பாட்டு விலை டொலரில். அடுத்த தடவையிலிருந்து ஊருக்குள்தான் தங்குகிறேன். ஐந்து பேருக்கு, சமையலறையோடு இரண்டு அறை கொண்ட வீடு ஒன்றை ஊருக்குள் எடுங்கள். அம்மாவுக்காகச் சமையலறை கட்டாயம் வேண்டும்.

கடற்கரைக்குப் போக ஹோட்டலில் தங்க வேண்டும் என்றும் இல்லை. மெக்சிக்கோவில் கடற்கரை முழுவதும் நாட்டின் பொதுச் சொத்து; எந்த ஹோட்டலும் மணலைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. மணலுக்குப் போகும் வழியில்தான் சிக்கல். துலுமின் வடிவான கடற்கரைகள் சில இப்போது ஹகுவார் பூங்கா என்ற பாதுகாக்கப்பட்ட நிலத்துக்குள் வந்துவிட்டன. எந்த வாசல் இலவசம், எதற்குக் கட்டணம் என்பது அடிக்கடி மாறுகிறது. தங்கும் வீட்டுக்காரரிடம் அன்றன்று கேட்டுக்கொண்டு போங்கள்.

பாசியைப் பற்றி உங்களுக்குச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. சர்காசம் என்று பெயர். நடுக்கடலில் வேரில்லாமல் மிதக்கும் பழுப்பு நிறப் பாசி. முன்பு வட அட்லாண்டிக்கின் ஒரு மூலையில்தான் அது பெருமளவில் இருந்தது. 2011 முதல் மேற்கு ஆபிரிக்கக் கரையிலிருந்து கரீபியன் வரை நீண்ட பட்டையாக வளர்ந்து, ஆண்டுதோறும் இந்தக் கரையில் வந்து குவிகிறது. புதிதாகக் கடலில் மிதக்கும்போது பெரிய தொல்லை இல்லை. கரையில் கிடந்து அழுகும்போது கூழ்முட்டை நாற்றம் எடுக்கும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் பக்கத்தில் போகக் கூடாது. நவம்பர் முதல் பெப்ரவரி வரை பொதுவாக ஒதுங்கியிருக்கும். மே முதல் ஓகஸ்ட் வரை மோசம். நீங்கள் போகும் மார்ச் இரண்டுக்கும் நடுவில். காற்றைப் பொறுத்து ஒரு நாள் கண்ணாடிபோல இருக்கும், மறுநாள் கரை பழுப்பாகிவிடும். ஆகவே கடலுக்கு இந்த நாள் என்று முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள். விடிய எழுந்து பாருங்கள். துப்புரவாக இருந்தால் அன்றைக்குக் கடல், இல்லாவிட்டால் வேறு வேலை. தொடர்ந்து மோசமாக இருந்தால் வடக்கே உள்ள பிளாயா தெல் கார்மென் என்ற ஊரிலிருந்து படகேறிக் கொசுமெல் தீவின் மேற்குக் கரைக்குப் போகலாம். பாசி கிழக்கிலிருந்து வருவதால் தீவின் மேற்குப் பக்கம் பெரும்பாலும் தப்பிவிடும். மார்ச்சில் ஒரு நன்மையும் உண்டு: ஜூன் முதல் நவம்பர் வரையான புயல் காலத்துக்கு அது வெளியே. 2024 ஜூலையில் பெரில் புயல் துலுமுக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது.

இனி இடிபாடுகள்.

பெரிய மாயா நகரங்களான சிச்சென் இட்சாவையோ குவாத்தமாலாவின் திக்காலையோ மனத்தில் வைத்துக்கொண்டு துலுமுக்குப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். கட்டடங்கள் சிறியவை. சில கோயில்களின் வாசலுக்குள் நிமிர்ந்து நுழையவே முடியாது. ஆனால் இது மாயாக்களின் பொற்காலத் தலைநகரம் அல்ல. கடைசிக் காலத்துத் துறைமுகம். காட்டுக்குள் இருந்த பெரிய நகரங்கள் பல கைவிடப்பட்டுச் சில நூற்றாண்டுகள் கழித்து, 13ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை செழித்த ஊர். ஸ்பானியர் வந்தபோதும் இங்கே மக்கள் வாழ்ந்தார்கள். இது துறைமுகம் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு உள்ளே போனால் ஒவ்வொரு கல்லும் பேசும்.

துலும் என்றால் யுகத்தெக் மாயா மொழியில் மதில். பழைய பெயர் சமா. விடியலோடு தொடர்புடைய சொல். அந்த நாட்டில் சூரியன் கடலிலிருந்து எழுவதை முதலில் பார்க்கும் கரைகளில் இது ஒன்று. மூன்று பக்கம் மதில், நாலாவது பக்கம் பன்னிரண்டு மீற்றர் உயரப் பாறையும் கடலும். மதில் மூன்று முதல் ஐந்து மீற்றர் உயரம். சில இடங்களில் எட்டு மீற்றர் வரை தடிப்பு. ஐந்து ஒடுக்கமான வாசல்கள். பார்வையாளர்கள் அவற்றில் ஒன்றின் வழியாக, குனிந்த கல் வளைவின் கீழே உள்ளே போகிறார்கள். நுழைந்ததும் ஒரு நிமிடம் நில்லுங்கள். பின்னால் காடு, முன்னால் புல்வெளி, அதற்கு அப்பால் திடீரென்று நீலம். மதிலுக்குள் ஆட்சியாளர்களும் பூசாரிகளும் இருந்தார்கள். சாதாரண மக்களின் குடில்கள் பெரும்பாலும் வெளியே. அவை மரமும் ஓலையும் என்பதால் இன்று தடமே இல்லை.

கடலைப் பார்த்து நிற்கும் பெரிய கட்டடத்தை ஸ்பானியர் கஸ்தில்யோ, அதாவது கோட்டை, என்று கூப்பிட்டார்கள். உண்மையில் அது கோயில். அதன் முதுகுப் பக்கம்தான் கடலை நோக்கியிருக்கிறது. அந்தச் சுவரில் இரண்டு சிறு துவாரங்கள் உண்டு. கரைக்கு வெளியே நீளமாகப் பவளப் பாறை ஓடுகிறது. மெக்சிக்கோவிலிருந்து ஹொண்டூராஸ் வரை ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் நீளும் அந்தத் தொடர், ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கு அடுத்த பெரியது. படகு அதில் மோதினால் நொறுங்கும். கோயிலுக்கு நேரே மட்டும் பாறையில் ஓர் இடைவெளி. துவாரங்களில் விளக்கு வைத்தால், கடலில் சரியான கோட்டில் வருகிற படகுக்கு மட்டும் இரண்டு வெளிச்சமும் ஒன்றாகத் தெரியும். விலகினால் ஒன்று மறைந்துவிடும். 1980களில் உண்மையிலேயே விளக்கு வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அதற்காகத்தான் மாயாக்கள் கட்டினார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. ஆனால் அந்த இடத்தில் நின்று பாறையில் அலை உடையும் வெள்ளைக் கோட்டையும் அதன் இடைவெளியையும் பார்த்த பிறகு எனக்குச் சந்தேகம் வரவில்லை. பிள்ளைகளை அந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அந்த வழியாக வந்தவை மரத்தைக் குடைந்து செய்த நீளப் படகுகள். உப்பு, தேன், பருத்தித் துணி, கொக்கோ விதை, குவாத்தமாலா மலைகளிலிருந்து வந்த அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடி எல்லாம் கைமாறின. கொக்கோ விதை காசாகவும் புழங்கியது. கொலம்பஸ் தன் கடைசிப் பயணத்தில், 1502இல், ஹொண்டூராஸ் கரைக்கு அருகே இப்படி ஒரு பெரிய வணிகப் படகைச் சரக்கோடும் ஆட்களோடும் சந்தித்தார். 1518இல் ஸ்பானியத் தளபதி கிரிஹால்வாவின் கப்பல்கள் இந்தக் கரையோரம் போனபோது, ஸ்பெயினின் செவில் நகரைப் போன்ற பெரிய ஊர் ஒன்றைப் பார்த்ததாக அவரோடு வந்த பாதிரியார் எழுதிவைத்தார். அது துலும்தான் என்று பலர் கருதுகிறார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஊர் வெறிச்சோடியது. ஐரோப்பியரோடு வந்த நோய்கள் அதில் பெரும் பங்கு வகித்தன.

தவறவிடக் கூடாத இன்னொன்று, தலைகீழாக இறங்கும் கடவுள். கால் மேலே, தலை கீழே, இரண்டு கையும் தலைக்கு முன்னால். அவருக்கென்றே ஒரு சிறு கோயிலும், வேறு கட்டடங்களின் வாசல்களுக்கு மேலே உருவங்களும் உண்டு. வெள்ளிக் கோள் என்கிறார்கள் சிலர், மறையும் சூரியன் என்கிறார்கள் சிலர். தேனீக் கடவுள் என்பவர்களும் உண்டு. பூவில் இறங்கும் தேனீ அப்படித்தானே தலைகீழாக இறங்கும். நான் தேனீப் பக்கம். இந்த நாட்டின் பெரிய ஏற்றுமதிகளில் தேனும் ஒன்றாக இருந்தது. அந்தத் தேனைத் தந்த கொடுக்கில்லாத சின்னத் தேனீயை, ஷுனான் காப் என்று பெயர் சொல்லி, இன்றும் மாயாக் குடும்பங்கள் மரக் குடைவுகளில் வளர்க்கின்றன. சந்தையில் அந்தத் தேன் கிடைத்தால் ஒரு சின்னப் போத்தல் வாங்குங்கள். தண்ணியாக, லேசான புளிப்போடு இருக்கும்.

சுவரோவியக் கோயிலுக்குள் விட மாட்டார்கள். வெளியே நின்று பார்க்கலாம். இன்று சாம்பல் நிறமாக நிற்கும் இந்தக் கட்டடங்களுக்கு அன்று சுண்ணச் சாந்து பூசிச் சிவப்பும் நீலமும் தீட்டியிருந்தார்கள். அந்த நீலம் தனிக் கதை. அவுரிக் குடும்பத்துச் செடியின் சாயத்தை ஒருவகை வெள்ளைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கினால், வெயிலுக்கும் மழைக்கும் அமிலத்துக்கும் மங்காத நிறம் கிடைக்கும். நூற்றாண்டுகள் கழித்தும் சில சுவர்களில் அது நிற்கிறது.

காலை எட்டு மணிக்கு வாசல் திறக்கும்போதே நில்லுங்கள். பத்து மணிக்குப் பிறகு பஸ்களில் கூட்டம் வந்து இறங்கும், நிழலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மெக்சிக்கோ நாட்டவர்களுக்கு இலவசம் என்பதால் அன்றைக்குக் கூட்டம் இன்னும் அதிகம். இப்போது பூங்கா வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். இடிபாட்டுக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று என்று தனித்தனிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையோரத்தில் வண்டியை மறித்து, இதுதான் கவுண்டர் என்று சொல்பவர்களிடம் நிற்காமல் வாசல்வரை போங்கள். வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து நல்ல தூரம் நடக்க வேண்டும். அம்மாவுக்குக் குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

இடிபாடு முடிந்து வெயில் ஏறியதும் நேரே கிணற்றுக்குப் போங்கள். செனோத்தே என்பார்கள், மாயா மொழியின் சொனொட் என்ற சொல்லிலிருந்து வந்தது. யுகத்தான் தீபகற்பத்தின் வடபாதியில் தரையில் ஓடும் ஆறு கிடையாது. மழை விழுந்ததும் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, நிலத்துக்குக் கீழே குகைகள் வழியாகக் கடலுக்கு ஓடுகிறது. குகையின் கூரை இடிந்து விழுந்த இடத்தில் தண்ணீர் வானத்தைப் பார்க்கிறது. அதுதான் செனோத்தே. இதை நான் முதன்முதலில் கேட்டபோது நிலாவரைதான் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்திலும் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை, அடியில் சுண்ணாம்புக்கல், மழைநீர் பாறைக்குள் இறங்கி உப்புநீருக்கு மேலே நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு என்பதை நம் ஊரில் சிறு பிள்ளைகளும் சொல்வார்கள். துலுமிலும் அதேதான். ஆழமான செனோத்தேயில் மூழ்குகிறவர்கள், நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் மட்டத்தில் எண்ணெய் கலந்ததுபோலப் பார்வை மங்குவதைப் பார்க்கிறார்கள்.

இந்தக் குகைகளின் அளவைச் சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். துலுமுக்குப் பக்கத்துக் காட்டுக்குக் கீழே இரண்டு நீர்க்குகைத் தொகுதிகள் உண்மையில் ஒன்றே என்று 2018இல் சுழியோடிகள் கண்டறிந்தார்கள். அன்று அளந்த நீளம் 347 கிலோமீற்றர். அதன்பிறகும் அளவு வளர்ந்துகொண்டே போகிறது. பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது இவை வறண்ட குகைகள். கூரையிலிருந்து சொட்டிச் சொட்டிக் கல்விழுதுகள் வளர்ந்தது அப்போதுதான். பிறகு கடல் ஏற, தண்ணீர் நிரம்பியது. 2007இல் ஒரு குகைக்குள், ஓயோ நேக்ரோ என்று பெயரிட்ட ஆழமான குழியில், ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. பதின்ம வயதுப் பிள்ளை. பன்னிரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவள். இருட்டில் தண்ணீர் தேடிப் போய்க் குழிக்குள் விழுந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவளுக்கு நையா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டங்களில் கிடைத்த மிகப் பழைய, கிட்டத்தட்ட முழுமையான மனித எலும்புக்கூடுகளில் அது ஒன்று.

உங்களுக்கு இரண்டு செனோத்தே போதும். கோபா என்ற இன்னொரு பழைய மாயா நகருக்குப் போகும் சாலையில் ஊரிலிருந்து நாலு கிலோமீற்றரில் கிரான் செனோத்தே. மரப் படிகள், ஆழமில்லாத இடங்கள், தண்ணீருக்குள் ஆமைகள். அம்மா மேடையில் இருந்து காலை நனைக்கலாம். பிள்ளைகளுக்கு தோஸ் ஓஹோஸ், அதாவது இரண்டு கண்கள். முகக் கண்ணாடி போட்டு மிதந்தபடி கல்விழுதுகளைப் பார்க்கலாம். உயிர்காப்பு உடுப்பு எல்லோரும் போட வேண்டும். தண்ணீர் 25 பாகை அளவில், முதலில் சிலிர்க்கும்.

ஒன்றைக் கவனமாகச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இறங்குமுன் குளிக்கச் சொல்வார்கள். வெயில் கிறீம், கொசுத் தைலம் எதுவும் பூசிக்கொண்டு இறங்கக் கூடாது. இதைச் சும்மா சட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பாறை எதையும் வடிகட்டாது. மேலே ஊற்றுவது கிணற்றில், கிணற்றில் கலப்பது கடலில், கடலில் சேர்வது பவளத்தில். ஊர் வேகமாக வளர்ந்து, கழிவு வாய்க்கால் அதற்கு ஈடுகொடுக்காமல், நிலத்தடி நீர் கெட்டுவருவதுதான் துலுமின் பெரிய நோய். தொடருந்துப் பாதைக்காக இந்தக் குகைக் கூரைகளைத் துளைத்து இரும்புத் தூண்கள் இறக்கியபோது சுழியோடிகளும் விஞ்ஞானிகளும் போராடியது இதற்காகத்தான். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தபோது நம் ஆட்கள் பட்ட பாடு உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கிறீமுக்குப் பதிலாகப் பிள்ளைகளுக்கு நீளக் கை நீச்சல் சட்டை வாங்கிக் கொடுங்கள்.

கோபாவுக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். வடமேற்கே 45 கிலோமீற்றர் அளவு. துலுமைவிட நூற்றாண்டுகள் பழைய, பெரிய நகரம்; இன்னும் பாதி காட்டுக்குள் கிடக்கிறது. நொஹோச் முல் என்ற பிரமிடு 42 மீற்றர் உயரம். அங்கிருந்து மேற்கே யாஷுனா வரை, கல் பரப்பிச் சுண்ணாம்பு பூசிய வெண்பாதை ஒன்று 100 கிலோமீற்றர் போகிறது. சக்கர வண்டியும் சுமை விலங்கும் இல்லாத மக்கள் போட்ட பாதை. உள்ளே சைக்கிள் வாடகைக்கு உண்டு; அம்மாவை முன்னால் இருத்தி மிதித்துக்கொண்டு போகும் மூன்று சக்கர வண்டிகளும் உண்டு. ஐந்து நாளில் சிச்சென் இட்சாவையும் திணிக்க வேண்டாம் என்பது என் கருத்து. போயே தீர வேண்டும் என்றால் விடிய ஆறு மணிக்குப் புறப்படுங்கள். இரண்டு மணி நேரப் பயணம். அது யுகத்தான் மாநிலம், துலும் கிந்தானா ரோ மாநிலம், இரண்டுக்கும் கடிகாரத்தில் ஒரு மணி நேர வித்தியாசம். போகும்போது ஒரு மணி நேரம் கிடைக்கும், திரும்பும்போது போய்விடும்.

மாயாக்கள் மறைந்துபோன மக்கள் என்று வழிகாட்டி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களுக்குச் சோளரொட்டி தட்டித் தருகிற அம்மாவும் வான் ஓட்டுகிறவரும் மாயாக்களாக இருக்கலாம். மெக்சிக்கோவில் யுகத்தெக் மாயா பேசுகிறவர்கள் எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1847இல் அவர்கள் தொடங்கிய எழுச்சி அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. தங்களோடு பேசுவதாக நம்பிய ஒரு சிலுவையை வழிபட்ட அந்தப் போராளிகளுக்குத் துலும் இடிபாடே ஒரு காலத்தில் புனிதத் தலம். 1870களில் மரியா உயிகாப் என்ற பெண் அங்கே தலைவியாக இருந்தார். ஊருக்குள் ஓலைக்கூரை போட்ட மாயாக் கோயில் இன்றும் இருக்கிறது. பக்கத்தில் போனால் படம் எடுக்காதீர்கள். நன்றி சொல்ல "தியோஸ் போஓதிக்" என்று சொல்லிப் பாருங்கள். ஸ்பானிய "கிராசியாஸ்" கேட்டுச் சலித்த முகம் சட்டென்று மலரும்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு வருகிறேன். ஊர்ப் பொருட்களில் கஷ்டமே இல்லை. மிளகாய், பப்பாசி, கொய்யா, மரவள்ளி எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து நம் ஊருக்கு வந்தவைதானே. வெட்டிய மாங்காயில் மிளகாய்த்தூளும் தேசிக்காயும் உப்பும் போட்டு விற்பார்கள். அம்மா ஊர் நினைவோடு சாப்பிடுவார். சிகில் பாக் என்று ஒன்று உண்டு: வறுத்த பூசணி விதை, சுட்ட தக்காளி, கொத்தமல்லித் தழை, ஆபனேரோ மிளகாய் சேர்த்து அரைத்தது. துவையல் என்றே சொல்லலாம். கேட்டு வாங்குங்கள், ஆனால் காரத்தை முதலில் நுனி நாக்கில் பாருங்கள். ஆபனேரோ நம் மிளகாயைவிட உறைப்பு. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து அரைத்துத்தான் ரொட்டி தட்டுகிறார்கள். சோளத்தில் பூட்டிக் கிடக்கும் ஒரு உயிர்ச்சத்தைத் திறந்துவிடுவது அந்தச் சுண்ணாம்புதான்.

சிக்கல் கறுப்புப் பயற்றில். பெரும்பாலும் பன்றிக் கொழுப்பில் தாளித்திருப்பார்கள். சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கும். கார்னே என்றால் பலருக்கு மாட்டிறைச்சி மட்டும்தான். "சின் கார்னே" என்று சொன்னால் கோழி போட்டுத் தருவார்கள். ஆகவே முழுதாகச் சொல்லுங்கள்: "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் மான்தெக்கா." இறைச்சி, கோழி, மீன், கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். சாயா என்ற கீரை சந்தையில் கிடைக்கும். மரவள்ளி இலைபோல அதிலும் நஞ்சு உண்டு, நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். வீட்டில் பருப்போடு கடைந்தால் அருமை. குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். இருபது லீற்றர் பெரிய போத்தல் எல்லா வீட்டிலும் வைத்திருப்பார்கள்.

பயண ஒழுங்கு. கனடாக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். அம்மா இலங்கைக் கடவுச்சீட்டில் வந்திருந்தாலும், கனடா, அமெரிக்கா, பிரித்தானியா, ஜப்பான், ஷெங்கன் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா இருந்தால் மெக்சிக்கோ தனி விசா கேட்பதில்லை. போகுமுன் மெக்சிக்கோத் துணைத்தூதரகத்தில் ஒரு தடவை உறுதி செய்யுங்கள். திரும்பிக் கனடாவுக்குள் வர அந்த விசாவில் பல தடவை நுழைய அனுமதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்கா வழியாகப் போகும் மலிவு டிக்கெட்டை வாங்காதீர்கள். விமானம் மாறுவதற்கே அம்மாவுக்கு அமெரிக்க விசா கேட்பார்கள். கன்கூன் விமான நிலையத்திலிருந்து துலும் ஏறக்குறைய 120 கிலோமீற்றர், நல்ல பஸ் உண்டு. 2023 டிசம்பரில் திறந்த துலும் விமான நிலையத்துக்கு நேர் விமானம் கிடைத்தால் இன்னும் சுகம்.

டாக்சிகளுக்கு மீற்றர் இல்லை. ஏறுமுன் விலை பேசுங்கள். நெடுஞ்சாலையில் ஓடும் கொலெக்தீவோ வான்கள் மலிவு, ஊர் மக்களும் அதில்தான் போகிறார்கள். ஐந்து பேர் என்பதால் இரண்டு நாளாவது வாடகைக் கார் எடுப்பது புத்தி. இணையத்தில் காட்டும் மிகக் குறைந்த வாடகையில் கட்டாயக் காப்புறுதி சேர்ந்திருக்காது; மொத்தத் தொகையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். ஊர்களுக்குள் வேகத்தடைகள் பெயர்ப்பலகை இல்லாமலே வரும், இருட்டியபின் ஓட்டாதீர்கள். ஏரிஎம்மில் பெசோ எடுக்கும்போது, உங்கள் நாட்டுப் பணத்துக்கு நாங்களே மாற்றித் தருகிறோம் என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

பாதுகாப்பை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. 2021 அக்டோபரில் துலுமில் போதைப்பொருள் கும்பல்களின் துப்பாக்கிச் சண்டையில், உணவகத்தில் இருந்த இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் இறந்தார்கள். ஒருவர் இந்தியாவில் பிறந்தவர். அந்தச் சண்டை எல்லாம் இரவுக் களியாட்டத்தையும் அதற்குள் ஓடும் போதை வியாபாரத்தையும் சுற்றியே நடக்கிறது. பிள்ளைகளோடும் அம்மாவோடும் காலை ஆறுக்கு எழுந்து இரவு எட்டுக்கு வீட்டில் இருக்கும் குடும்பம் அந்த உலகத்தைச் சந்திப்பது அரிது. அப்படித்தான் நான் என் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைசி நாளை முயில் என்ற இடத்துக்கு வையுங்கள். தெற்கே இருபது கிலோமீற்றர் அளவு. அங்கேயும் சிறு இடிபாடு உண்டு; அதற்குப் பின்னால் சியான் கான் காப்பகம், வானம் பிறக்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். 1987இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த சதுப்பும் ஏரியும் கண்டலும். ஊர்ச் சங்கத்து மாயாப் படகோட்டிகள் இரண்டு ஏரிகளைக் கடந்து, கடலை நோக்கிப் போகும் கால்வாய்வரை கூட்டிப் போவார்கள். வணிகப் படகுகள் போவதற்காகப் பழைய மாயாக்கள் வெட்டி ஆழப்படுத்திய கால்வாய். கரையில் சின்னக் கல் கோயில் ஒன்று காவல் நிற்கிறது. அங்கே உயிர்காப்பு உடுப்பைக் கைக்குப் பதிலாகக் காலில் மாட்டி, காற்சட்டைபோலப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அப்படியே தண்ணீரில் உட்கார்ந்தால் போதும், கதிரையில் இருப்பதுபோல இருக்கும். மெல்லிய ஓட்டம் கண்டல் வேர்களுக்கு நடுவே தானாகக் கொண்டுபோகும். அடியில் வெள்ளை மணல் தெரியும். நீந்தத் தெரிய வேண்டியதில்லை. அறுபத்தெட்டு வயதில் என் மாமி அதில் இறங்கி, வெளியே வா என்று கூப்பிட்டும் கேட்காமல் அரை மணி நேரம் மிதந்துகொண்டு போனார். உங்கள் அம்மாவுக்கு ஒரு பருத்திச் சட்டையும் மாற்றுடுப்பும் அன்றைக்குப் பையில் இருக்கட்டும்.